பாதரசம் எங்கே போனது? கல்பாசியும் தொப்புள்கொடியும் வைத்த கணக்கு

பொங்கல் லீவுக்கு ஆவுடையார்கோவில் போயிருந்தபோது அம்மாவுக்குக் காய்ச்சல். பீரோவில் கிடந்த பழைய கண்ணாடி தெர்மாமீட்டரை எடுத்து உதறினேன். கை வழுக்கி, கட்டில் காலில் பட்டு உடைந்துவிட்டது. சிவப்பு சிமெண்ட் தரையில் வெள்ளி முத்துகள் ஓடின. என் மகள் பிடிக்கப் பாய்ந்தாள். "தொடாதே"ன்னு ஒரு சத்தம் போட்டேன். அம்மாவுக்குச் சிரிப்பு. "நீ மட்டும் சின்னப்பிள்ளையில பள்ளிக்கூடத்துல உள்ளங்கையில வச்சு உருட்டிட்டு வந்து என்கிட்ட பெருமை பேசலயா?" என்றார். உண்மைதான். லேபில் மேசை மேல் உருட்டி விளையாடியிருக்கிறோம். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

ஜன்னலைத் திறந்து வைத்து, ஒரு தடித்த அட்டையால் முத்துகளை ஒன்றுசேர்த்து, மூடி உள்ள பாட்டிலில் போட்டேன். (பெருக்குமாறு கூடாது, முத்து இன்னும் சிறு முத்துகளாகச் சிதறும். வாக்குவம் கிளீனர் கூடவே கூடாது, ஆவியாக்கி அறை முழுக்க ஊதிவிடும்.) அப்போது மகள் கேட்டாள்: "இடுக்குல போனது எங்க போகும்ப்பா?"

எனக்குத் தெரிந்த பதில் "ஆவியாயிடும்". சரி, ஆவியாகி? அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நான் வேதியியல் படித்தவன் இல்லை, பி.ஈ. முடித்து இருபது வருஷமாகக் கோட் எழுதுகிறவன். மூன்று மாதம் வாசித்ததன் குறிப்பு இது. வாசித்த பிறகு ஒன்று புரிந்தது: பாதரசம் பற்றிய அறிவியலின் வரலாறே இந்த ஒரு கேள்வியின் வரலாறுதான்.

முதல் பதில்: மூச்சில் போகிறது

பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். அவ்வளவு கனமான ஒன்று காற்றில் ஏறும் என்று நம்பவே மனசு வராது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதில் சங்கடம் இருக்கக் கூடாது. ஆத்மநாதருக்குச் சுடச்சுட வடித்த சோற்றைப் படைகல்லில் கொட்டி, அதன் ஆவியைத்தான் நைவேத்தியம் செய்கிறோம்.

20 டிகிரி வெப்பத்தில், மூடிய இடத்தில், ஒரு கன மீட்டர் காற்று சுமார் 14 மில்லிகிராம் பாதரச ஆவியைத் தாங்கும். வேலை செய்யும் இடங்களுக்கு அமெரிக்கத் தொழில் நல வல்லுநர்கள் பரிந்துரைக்கும் வரம்பு 0.025 மில்லிகிராம். ஐந்நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்! ஒரு உடைந்த தெர்மாமீட்டரால் காற்றோட்டமான வீடு அந்த நிலைக்குப் போகாது. ஆனால் நாள் முழுக்கப் பாதரசத்தோடு வேலை செய்யும் அறை வேறு.

இன்னொரு விநோதம். பாதரசத் துளியை விழுங்கினால் குடல் அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட எடுத்துக்கொள்ளாது. ஆவியாக மூச்சில் இழுத்தால் ஏறக்குறைய 80 சதவீதம் உடம்பில் தங்கும், மூளைக்கும் போகும். "விழுங்கினாலே ஒண்ணும் ஆகலை, கையில் வைத்தால் என்ன" என்ற தைரியம் இங்கிருந்துதான் வருகிறது.

1700ல் இத்தாலிய மருத்துவர் ரமாஸினி, கில்ட் வேலை செய்பவர்களையும் வெனிஸ் கண்ணாடிப் பட்டறைக்காரர்களையும் பார்த்து, பாதரசம் அவர்களை நடுங்க வைப்பதைத் தன் புத்தகத்தில் எழுதிவிட்டார். அது தொழிலாளியின் விதி என்று உலகம் விட்டுவிட்டது. 1926ல் ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்பிரட் ஸ்டாக் எழுதியபோதுதான் படித்தவர்கள் உலகம் அதிர்ந்தது. வருஷக்கணக்கில் தலைவலி, மறதி, மந்தம். காரணம் அவருடைய ஆய்வகத்துக் காற்றிலேயே இருந்த பாதரச ஆவி! மீதி வாழ்நாளில் பெரும்பகுதியை மிகச் சிறிய அளவுப் பாதரசத்தை அளக்கும் முறைகளை உருவாக்குவதிலேயே செலவிட்டார்.

1926. இந்த வருஷத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பதில்: மீனில் போகிறது

ஜப்பானின் மினமாட்டா கதை பலருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். சிஸ்ஸோ கம்பெனி அங்கே 1932 முதல் அசிட்டால்டிஹைடு தயாரித்தது. பாதரசம் அதில் வினையூக்கி. கழிவு நீர் விரிகுடாவில் கலந்தது. முதலில் பூனைகள் வலிப்பு வந்து செத்தன. 1956 மே 1ஆம் தேதி, காரணம் தெரியாத நரம்பு நோய் என்று கம்பெனி மருத்துவமனையிலிருந்தே அரசுக்குத் தகவல் போனது. மருத்துவமனையின் தலைவர் ஹோசோகாவா. 1959ல் அவர் ஆலைக் கழிவு நீரைத் தீவனத்தில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்தார். அதன் எண் 400. அதே நோய் வந்தது. கம்பெனி அந்த முடிவை வெளியே விடவில்லை. 1970ல் மரணப்படுக்கையில்தான் ஹோசோகாவா அதைச் சாட்சியமாகச் சொன்னார்.

அதே 1959ல் குமமோட்டோ பல்கலைக்கழகம் கரிமப் பாதரசம்தான் காரணம் என்று அறிவித்திருந்தது. நோயாளிகளின் அறிகுறிகள் ஒரு பழைய ஆங்கில மருத்துவக் கட்டுரையோடு பொருந்தியதை அவர்கள் கவனித்தார்கள். விதைகளுக்குப் பூசும் மெத்தில் பாதரசம் தயாரித்த இங்கிலாந்துத் தொழிலாளர்களைப் பற்றி ஹண்டரும் அவருடைய சகாக்களும் 1940லேயே எழுதியது அது. விடை பதினாறு வருஷம் முன்பே நூலகத்தில் இருந்திருக்கிறது. ஜப்பான் அரசு காரணத்தை அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில். ஆலை அந்த வருஷம் மே மாதம்தான் அந்தத் தயாரிப்பை நிறுத்தியிருந்தது.

மினமாட்டாவில் மெத்தில் பாதரசம் ஆலைக்குள்ளேயே உருவாகிக் கழிவோடு வந்தது. அப்படியானால் வெறும் உலோகப் பாதரசம் கொட்டிய ஏரியில் பயமில்லையே என்று தோன்றும். ஸ்வீடன் விஞ்ஞானிகள் அந்த ஆறுதலையும் எடுத்துவிட்டார்கள். 1960களில் அங்கே கூனல் வெஸ்டோ என்ற பெண் வேதியியலாளர், மீனில் உள்ள பாதரசம் ஏறக்குறைய முழுக்க மெத்தில் வடிவம்தான் என்று காட்டினார். சாதாரணக் கழிவு போன ஏரிகளின் மீனிலும் அப்படித்தான். 1969ல் ஜென்சனும் யெர்னலோவும் ஏரிச் சேற்றை மீன் தொட்டியில் போட்டு, சாதாரணப் பாதரச உப்பைக் கலந்து வைத்தார்கள். சேற்றிலிருந்த நுண்ணுயிர்களே அதை மெத்தில் பாதரசமாக மாற்றிவிட்டன. இந்த வேலையைச் செய்யும் இரண்டு மரபணுக்கள் 2013ல் அடையாளம் காணப்பட்டன.

ஆக மகளின் கேள்விக்கு முழுப் பதில் இது: உலோகம் ஆவியாகிறது. ஆவி மாதக்கணக்கில் காற்றில் சுற்றுகிறது. பிறகு வேறு வடிவமாகி மழையோடும் தூசியோடும் இறங்குகிறது. சேற்றில் நுண்ணுயிர் அதை மெத்தில் ஆக்குகிறது. பாசியில் கொஞ்சம், அதைத் தின்னும் புழுவில் அதிகம், புழுவைத் தின்னும் மீனில் இன்னும் அதிகம், மீனைத் தின்னும் பெரிய மீனில் லட்சக்கணக்கான மடங்கு. கடைசியில் நம் தட்டு. எந்த இடத்திலும் அது அழிவதில்லை. தனிமம் அல்லவா, அழியாது. வேஷம் மாறும், அவ்வளவுதான்.

சாட்சி யார்?

இங்கேதான் எனக்கு உண்மையான சுவாரசியம் தொடங்கியது. வேஷம் மாறிக்கொண்டே போகிற ஒன்றை, அது வந்துபோன பிறகு எப்படி நிரூபிப்பது?

எங்கள் தொழிலில் 'லாக் ரொட்டேஷன்' என்று ஒன்று உண்டு. சர்வர் தன் பதிவுகளை ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும், கோப்பு நிறைந்ததும் பழையதை அழித்துவிடும். மூன்று மாதம் முன்பு நடந்த கோளாறுக்கு இன்றைய கோப்பைத் திறந்து பார்த்து "ஒன்றுமே நடக்கவில்லையே" என்று சொன்னால் சிரிப்பார்கள். மனித ரத்தமும் சிறுநீரும் அப்படிப்பட்ட கோப்புகள்தான். உடம்பில் சேர்ந்த பாதரசத்தில் பாதி சுமார் இரண்டு மாதத்தில் வெளியேறிவிடும். ஒரு வருஷம் கழித்துச் சோதித்தால் அறுபதில் ஒரு பங்குகூட மிஞ்சாது. நரம்புக்கும் சிறுநீரகத்துக்கும் ஆன கேடு மட்டும் தங்கலாம்.

அதனால் விஞ்ஞானிகள் அழியாத பதிவேடுகளைத் தேடினார்கள்.

ஸ்வீடன்காரர்கள் அருங்காட்சியகங்களுக்குப் போனார்கள். நூறு வருஷமாகப் பாடம் பண்ணி வைத்த பறவைகளின் இறகுகளைச் சோதித்தார்கள். 1940 வாக்கில் வல்லூறு போன்ற பறவைகளின் இறகில் பாதரசம் திடீரென்று எகிறியிருந்தது. மெத்தில் பாதரசம் பூசிய விதை வயலுக்கு வந்த காலம் அது. 1966ல் அந்த ஆய்வு வெளியானது.

ஈராக்கில் 1971-72ல் அதேபோல் மருந்து பூசிய விதைக் கோதுமையை மக்கள் ரொட்டி சுட்டுத் தின்றார்கள். சாக்கில் எச்சரிக்கை இருந்தது, அவர்கள் படிக்கத் தெரிந்த மொழியில் இல்லை. சிவப்புச் சாயத்தைக் கழுவினால் விஷமும் போய்விடும் என்று நம்பினார்கள். 6,530 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 459 பேர் அங்கேயே இறந்தார்கள். அங்கே சாட்சி சொன்னது தலைமுடி. மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும் முடியைத் துண்டு துண்டாகச் சோதித்தால், எந்த மாதம் எவ்வளவு விஷம் உள்ளே போனது என்று தேதி போட்டுப் படிக்கலாம்.

மினமாட்டாவின் சாட்சிதான் என்னை உலுக்கியது. அங்கே பிறவியிலேயே உடல் முடங்கிய குழந்தைகள் பிறந்தார்கள். தாய்க்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது. நஞ்சுக்கொடி விஷத்தைத் தடுத்துவிடும் என்பது அன்றைய மருத்துவத்தின் உறுதியான நம்பிக்கை, அதனால் முதலில் இது வேறு ஏதோ நோய் என்றார்கள். 1962ல்தான் இது கருவிலேயே நேர்ந்த பாதரச நோய் என்று ஏற்கப்பட்டது. ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் ஆதாரம்? ஜப்பானில் குழந்தையின் காய்ந்த தொப்புள்கொடியைச் சிறு மரப்பெட்டியில் எடுத்து வைக்கும் வழக்கம் உண்டு. ஹராடா மசாஸுமி என்ற மருத்துவர் வீடு வீடாக அலைந்தவர். அந்தத் தொப்புள்கொடிகளைத் திரட்டிச் சோதித்து, 1975ல் 'நேச்சர்' இதழில் அவரும் நிஷிகாகியும் முடிவை வெளியிட்டார்கள். மெத்தில் பாதரசம் அப்படியே பதிவாகியிருந்தது.

நம்ம ஊரிலும் தொப்புள்கொடியைக் காயவைத்துத் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டுகிறவர்கள் தானே நாம். அதைப் படித்துவிட்டு ராத்திரி கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கொடைக்கானல்

இப்போது 1926, 1940, 1959, 1969, 1975 எல்லாவற்றையும் வரிசையாக வையுங்கள். ஆவி ஆபத்து என்று தெரியும். மீனில் ஏறும் என்று தெரியும். சேறு மாற்றிவிடும் என்று தெரியும். கருவுக்குப் போகும் என்றும் தெரியும். இவ்வளவும் தெரிந்த பிறகு, 1983ல், அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் ஆலையின் இயந்திரங்கள் கொடைக்கானலுக்கு வந்தன. பாண்ட்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது. பிறகு அந்நிறுவனம் யூனிலீவர் வசமாகி, இந்துஸ்தான் லீவரின் ஆலையாயிற்று. பாதரசம் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி, தெர்மாமீட்டர் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி. இங்கே தங்கியது சிந்தியதும் உடைந்ததும் ஆவியானதும்தான்.

ஆலை இருந்த மேட்டின் சரிவு பாம்பார் சோலைக்குள் இறங்குகிறது. அந்த நீர்தான் பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியாக விழுகிறது. 2001 மார்ச் 7 அன்று ஊர்மக்களும் தொழிலாளர்களும் சூழல் அமைப்புகளும் சேர்ந்து, மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் கிடந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. வளரும் நாட்டிலிருந்து இப்படித் திரும்பிப் போவது அபூர்வம்.

சரி, மீதி எங்கே? உள்ளே வந்த பாதரசம், தெர்மாமீட்டரில் போனது, கழிவில் போனது, இந்த மூன்றையும் வைத்துக் கழித்தால் காணாமல் போனது எவ்வளவு என்று வர வேண்டும். நிறுவனம் சொன்ன விடையும் எதிர்த் தரப்பு சொன்ன விடையும் ஒத்தே போகவில்லை. பதிவேடு வைத்திருந்தவர் ஒரு தரப்பு. அப்படி இருக்கும்போது வேறு சாட்சி வேண்டும்.

வந்த சாட்சி கல்பாசி! செட்டிநாட்டுக் குழம்பில் போடுகிறோமே, அந்தக் குடும்பத்துப் பாறைப்பாசி. அதற்கு வேர் கிடையாது. வேண்டியதையெல்லாம் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது, உலோகத்தையும் சேர்த்து. எடுத்ததை எளிதில் விடாது. அணுசக்தித் துறையின் ஐதராபாத் ஆய்வகத்தைச் சேர்ந்த பாலராம கிருஷ்ணா, கருணாசாகர், அருணாசலம் மூவரும் 2003ல் வெளியிட்ட ஆய்வில், ஆலையை ஒட்டிய பாசிகளில் பாதரசம் தூரத்து இடங்களின் பாசிகளைவிடப் பல மடங்கு இருந்தது. கொடைக்கானல் காற்றில் அவர்கள் அளந்தது கன மீட்டருக்கு 1.32 மைக்ரோகிராம். மாசில்லாத காற்றில் சாதாரணமாக இருப்பது 2 நானோகிராமுக்குள். அதாவது அறுநூறு மடங்குக்கு மேல்.

2006ல் ஏரிகளின் முறை. கொடை ஏரி நீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் பாதரசம், அதில் சுமார் 50 மெத்தில் வடிவம். ஏரிச் சேற்றில் இருந்த பாதரசத்தில் சுமார் 6 சதவீதம் மெத்தில் ஆகியிருந்தது. தள்ளியிருக்கும் பேரிஜத்தில் எல்லாமே குறைவு, குக்கலில் அதைவிடக் குறைவு. ஆலையின் உமிழ்வுதான் ஏரியை மாசாக்கியது என்று முடிவு சொன்னார்கள். 1969ல் ஸ்வீடன் மீன் தொட்டியில் நடந்தது கொடை ஏரியில் நடந்துகொண்டிருந்தது, மேலே படகுகள் போய்க்கொண்டிருந்தன.

பாசிக்கும் சேற்றுக்கும் நியாயம் கிடைத்தது. மனிதர்களுக்கு? முன்னாள் தொழிலாளர்கள் 2006ல் சென்னை உயர்நீதிமன்றம் போனார்கள். 2007ல் நிபுணர் குழு ஒன்று, அவர்களுடைய இன்றைய உடல்நிலையைப் பழைய பாதரசத்தோடு இணைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றது. ஆலை மூடி ஆறு வருஷம். நான் மேலே சொன்ன கோப்புக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். 2011ல் மத்தியத் தொழிலாளர் துறையின் குழு நேர்மாறாக, வேலையிடத்துப் பாதரசமே பலரின் நோய்க்குக் காரணம் என்றது. நிறுவனம் கடைசிவரை மறுத்தது. 2015ல் சோஃபியா அஷ்ரஃபின் ராப் வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்படிக்கை ஆனது. நிறுவனம் அதைக் கருணைத் தொகை என்றுதான் அழைத்தது. மண்ணைச் சுத்தம் செய்ய ஏற்கப்பட்ட வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். சோலைக்காட்டின் தலையில் இருக்கும் இடத்துக்கு அது மிகத் தாராளம் என்பது எதிர்த்தவர்களின் வாதம். அவர்கள் பக்கம்தான் எனக்கு நியாயம் தெரிகிறது. கீழே சோலையின் சேறு இருக்கிறது, சேறு என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும்.

பாதரசம் அளக்கும் கருவி 1983லும் இருந்தது. வேலை செய்தவர்களின் சிறுநீரைத் தவறாமல் சோதித்து, முடிவை அவர்கள் கையிலேயே கொடுத்திருந்தால், இருபது வருஷம் கழித்து யாரும் ஆதாரம் கேட்டிருக்க முடியாது. அறிவியல் தெரியாததால் இந்தச் சண்டை வரவில்லை. பதிவேடு யார் கையில் இருந்தது என்பதில் வந்தது.

நம்ம வீட்டுச் சட்டி

கொடைக்கானல் பாதரசம் கோட்டைப்பட்டினம் மீனில் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. கடல் மீனில் உள்ள பாதரசம் உலகப் பொதுச் சொத்து. ஐ.நா. கணக்குப்படி 2015ல் மனிதர் காற்றில் விட்டது சுமார் 2,220 டன். சிறு தங்கச் சுரங்கங்கள் முதலிடம், நிலக்கரி அடுத்து.

எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுக்காவிட்டால் ஊரே பேசும். 2001ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் தவிர்க்கச் சொன்ன நான்கு மீன்களில் சுறா ஒன்று. நம் வஞ்சிரத்தின் பெரிய உறவுக்காரன் ஒருவனும் அந்தப் பட்டியலில் உண்டு. பதற வேண்டாம். பாதரசம் வயதோடும் உருவத்தோடும் ஏறும். சின்னப் பால்சுறா வேறு, ஆள் உயரச் சுறா வேறு. மத்தி, நெத்திலி, காரல் தாராளமாகச் சாப்பிடலாம், கர்ப்பிணிக்கு மீன் நல்லதும்கூட. பெரிய வேட்டை மீனை மட்டும் அந்த மாதங்களில் குறைத்துக்கொண்டால் போதும். இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்ப சின்னதாப் பாத்து வாங்கணும், அம்புட்டுத்தானே?" என்றார். அம்புட்டுத்தான்.

இந்தியா மினமாட்டா உடன்படிக்கையை 2018 ஜூன் 18 அன்று ஏற்றுக்கொண்டது. பாதரசத் தெர்மாமீட்டர் மெல்ல மறையும். பீரோவில் இருப்பவை எங்கே போகும் என்பதுதான் அடுத்த கேள்வி. எங்கள் வீட்டுப் பாட்டில் இன்னும் பரணில் இருக்கிறது, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, மேலே மகள் எழுதிய தேதியோடு. குப்பை வண்டியில் போட மனம் வரவில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது அம்மாவிடம் என் தாயத்து எங்கே என்று கேட்டேன். டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கறுத்துப்போன சின்ன வெள்ளிக் குப்பி. மகள் வாங்கி காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். உள்ளே ஏதோ லேசாகத் தட்டுப்பட்டது. "திறக்காத ஆத்தா, உங்கப்பனோடது"ன்னு அப்பத்தா சொன்னதும் அப்படியே திருப்பி முடிந்து வைத்துவிட்டாள்.